லோயர் மெர்செட் பாஸ் ஏரி: நேரில் சென்றவர்களும் கேட்டறிந்தவர்களும்

முதல் பகிர்வு (ஃப்ரீமாண்ட், கலிபோர்னியா)

நண்பர்களுக்கு வணக்கம். யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1976-ஆம் ஆண்டு விழுந்த கஞ்சா விமானத்தைப் பற்றி இங்குள்ள பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் காசில்லாத பாறையேறிகள், உறைந்த ஏரி, பனிக்கட்டிக்கு அடியில் பணம் என்று அது எப்போதும் ஒரு புதையல் கதையாகவே சொல்லப்படுகிறது. நானும் அப்படித்தான் கேட்டு வளர்த்துக்கொண்ட ஆர்வத்தில், 2019 ஆகஸ்ட் இறுதியில் அலுவலக நண்பர் ஒருவருடன் அந்த ஏரிக்கு நடந்து சென்றேன். திரும்பி வரும்போது அந்தக் கதையை அதே விதமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். 1976 டிசம்பர் 9 அன்று, மெக்சிகோவிலிருந்து ஏறத்தாழ 6,000 பவுண்டு கஞ்சாவை ஏற்றி வந்த லாக்ஹீட் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று, பூங்காவின் தென்பகுதியில் ஏறக்குறைய 9,000 அடி உயரத்தில் இருக்கும் லோயர் மெர்செட் பாஸ் ஏரியில் விழுந்தது. விமானத்தில் இருந்த இருவரும் இறந்தார்கள். அங்கே அப்படி ஒன்று விழுந்திருக்கிறது என்பது, ஜனவரி இறுதியில் அந்தப் பக்கம் நடந்துபோனவர்கள் மரங்களுக்கு நடுவே ஓர் இறக்கை கிடப்பதைக் கண்டு தெரிவித்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 1976-77 குளிர்காலம் கலிபோர்னியாவின் மிகக் கடுமையான வறட்சிக் காலங்களில் ஒன்று என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். வழக்கமான பனிப்பொழிவு இருந்திருந்தால் ஜனவரியில் அந்தக் காட்டுக்குள் யாரும் எளிதில் போயிருக்க முடியாது. இறக்கையும் கோடைக்காலம் வரை பனிக்குள் புதைந்தே கிடந்திருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பூங்கா ரேஞ்சர்களும் சுங்கத்துறையினரும் போதைப்பொருள் தடுப்பு அதிகாரிகளும் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். பனிக்கட்டியை இயந்திர ரம்பத்தால் அறுத்து, முக்குளிப்பவர்களை இறக்கி, பொதிகளில் ஒரு பகுதியை வெளியே எடுத்தார்கள். வானிலையும் பனிக்கட்டியும் இடம் கொடுக்காததால், மீதியைப் பனி உருகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று பிப்ரவரியில் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். செய்தி மெல்லப் பள்ளத்தாக்கில் பாறையேறிகள் தங்கும் காம்ப் 4 முகாமுக்குப் போய்ச் சேர்ந்தது. வசந்தம் தொடங்கியதும் பாறையேறிகள் சிறு குழுக்களாகச் சுமார் 16 மைல் நடந்து சென்று, பனிக்கட்டியை உடைத்து, நனைந்த பொதிகளை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். ஏப்ரல் மாதத்தில் ரேஞ்சர்கள் ஏரிக்குச் சென்று அந்த நடமாட்டத்தை நிறுத்தினார்கள். இறந்த இருவரின் உடல்கள் ஏரி உருகிய பிறகு, ஜூன் மாதத்தில்தான் வெளியே எடுக்கப்பட்டன.

அந்தக் கடைசி வாக்கியத்தைப் படித்தறிந்த பிறகும், அங்கே நேரில் நிற்கும் வரை அதன் பொருள் எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் கிளேசியர் பாயிண்ட் சாலையில் உள்ள மோனோ மெடோ என்ற இடத்திலிருந்து நடக்கத் தொடங்கினோம். தொடக்கத்திலேயே பாதை ஒரு சதுப்புப் புல்வெளியில் இறங்குகிறது. விழுந்து கிடக்கும் மரங்களின் மீது கால் வைத்துத்தான் கடக்க வேண்டும். பின்னர் இல்லிலூவெட் ஓடை. அதற்குப் பாலம் கிடையாது. ஆகஸ்ட் இறுதி என்பதால் முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிக் கடந்தோம். மின்னலால் பற்றும் நெருப்பை 1970-களின் தொடக்கத்திலிருந்து பெரும்பாலும் அணைக்காமல் அதன் போக்கில் எரியவிடும் வடிநிலம் அது. அதனால் கருகி நிற்கும் மரங்களும், இளம் பைன்களும், புதர்களும், திறந்த வெளிகளும் மாறி மாறி வந்தன. மேலே ஏறஏற லாட்ஜ்போல் பைன் காடு அடர்ந்தது. இரண்டாம் நாள் முற்பகலில் பாதையை விட்டு விலகி, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு ஏரியை அடைந்தோம்.

அது சின்ன ஏரி. படங்களில் நாம் பார்த்துப் பழகிய யோசெமிட்டியின் பிரம்மாண்டம் அங்கே இல்லை. நான்கு பக்கமும் மரம், கரையில் கிரானைட் பாறைகள், அசையாத தண்ணீர், நிறைய கொசு. கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது, பைன் ஊசிகளுக்கு நடுவே உள்ளங்கை அளவுள்ள ஓர் அலுமினியத் துண்டு கிடைத்தது. ஒரு விளிம்பில் வரிசையாக ரிவெட் ஓட்டைகள் இருந்தன. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அப்படி ஒன்று கிடைக்காதா என்ற ஆசையோடுதான் நான் வீட்டிலிருந்தே கிளம்பியிருந்தேன். எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நண்பர் ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பிடிப்பதற்காக வடிகட்டியை எடுத்த அவர், ஏரியைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "வரும் வழியில் பார்த்த ஓடையிலேயே பிடித்துக்கொள்வோம்" என்றார். டிசம்பர் தொடங்கி ஜூன் வரை அந்தத் தண்ணீருக்குள் இரண்டு மனிதர்கள் இருந்தார்கள் என்பதை நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. அலுமினியத் துண்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். தேசியப் பூங்காவிலிருந்து எதையும் எடுத்துச் செல்வது சட்டப்படி தவறு என்பதும் எனக்குத் தெரியும்; ஆனால் நான் திருப்பி வைத்ததற்குக் காரணம் சட்டம் இல்லை.

மறுமொழி (சேக்ரமெண்டோ)

உங்கள் பகிர்வுக்கு நன்றி. நான் அந்த ஏரிக்குப் போனதில்லை. ஆனால் போனவர் ஒருவரிடம் ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசியிருக்கிறேன்.

நாற்பது வயதுக்கு மேல் பாறையேற்றம் கற்றுக்கொண்டவன் நான். காம்ப் 4-இல் கூடாரம் போட்டிருந்த ஒரு நாள், கொலம்பியா போல்டர் என்று அழைக்கப்படும் பெரும் பாறையின் அருகே நரைத்த தாடியுடன் அமர்ந்திருந்த ஒரு பெரியவரோடு பேச்சு தொடங்கியது. அந்தப் பாறையை அவர் பார்த்த பார்வையிலேயே அவர் புதியவர் அல்லர் என்பது தெரிந்தது. 1970-களில் அங்கே மாதக்கணக்கில் தங்கியிருந்ததாகச் சொன்னார். அந்தப் பள்ளத்தாக்கின் பெரும் செங்குத்துப் பாறையான எல் கேப்பிட்டனில், நோஸ் என்ற ஏறுவழியை முதன்முதலாக ஒரே நாளில் மூவர் ஏறி முடித்தது 1975-இல். அந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஏறுநர்கள், உணவகத்தில் சுற்றுலாப் பயணிகள் மிச்சம் வைத்துச் சென்ற தட்டுகளிலிருந்து சாப்பிட்டுக்கொண்டும், காலி அலுமினிய டப்பாக்களைப் பொறுக்கி விற்றுக்கொண்டும் வாழ்ந்தார்கள் என்று அவர் விவரித்தபோது, விமானத்தின் செய்தி அவர்களிடையே எப்படிப் பரவியிருக்கும் என்பது எனக்குப் புரிந்தது.

அவர் இரண்டு முறை சென்றாராம். ஒரு பொதி ஏறத்தாழ 50 பவுண்டு. தண்ணீர் குடித்த பொதி அதைவிட மிக அதிகம். பையின் பட்டைகள் தோளை அறுத்ததையும், நள்ளிரவில் விளக்கில்லாமல் இறங்கியதையும் அவர் பெருமையோடுதான் சொன்னார். பொதிகளில் விமான எரிபொருள் ஊறியிருந்தது. உலர்த்திய பிறகும் அந்த நெடி போகவில்லை. பற்றவைத்தால் பொறி பறக்குமாம். விற்ற பணத்தில் கயிறு, காலணி, ஒரு பழைய வேன் எல்லாம் வாங்கினார். சிலர் வெளிநாட்டு மலைகளுக்குப் புறப்பட்டுப் போனார்கள். அதுவரை ஒரு டாலருக்குக் கணக்குப் பார்த்தவர்கள் திடீரென்று நூறு டாலர் நோட்டை நீட்டியபோது பள்ளத்தாக்கு முழுவதற்கும் விஷயம் தெரிந்துவிட்டது என்றார்.

நான் தயங்கித் தயங்கி, "உள்ளே இருவர் இருப்பது உங்களுக்குத் தெரியுமா, ஐயா?" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. தெரியும் என்றும், நடக்கும்போதும் பனிக்கட்டியை உடைக்கும்போதும் அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை என்றும், ஜூன் மாதத்தில் உடல்களை எடுத்த செய்தி வந்த அன்றுதான் தான் உடைத்த துளையின் இடம் எது என்று மனத்துக்குள் தேடிப் பார்த்ததாகவும் சொன்னார். அதன் பிறகு அவர் பேச்சை மாற்றிவிட்டார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுமொழி (மாண்டரே)

ஒரு விஷயத்தில் சற்று மாறுபட விரும்புகிறேன். அதிகாரிகள் உடல்களை விட்டுவிட்டுப் போனார்கள் என்று இதைப் படிப்பவர்கள் எளிதாக நினைத்துவிடக் கூடும். நான் பதினெட்டு ஆண்டுகளாகக் கடலில் முக்குளித்து வருகிறேன். பனிக்கட்டிக்கு அடியிலும் இரண்டு முறை பயிற்சி பெற்றிருக்கிறேன். மேலே பனிக்கட்டி மூடியிருக்கும்போது முக்குளிப்பவருக்கு வெளியேற ஒரே ஒரு துளைதான் உண்டு. இடுப்பில் கட்டிய கயிற்றை மேலே ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கயிறு உடைந்த உலோகத்திலோ கம்பியிலோ சிக்கினால் உயிர் போகும். 9,000 அடி உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்கும் குறைவு என்பதால், எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்ற கணக்கு முழுவதும் மாறிவிடும். கடுங்குளிரில் சுவாசக் கருவி உறைந்து அடைத்துக்கொள்வதும் உண்டு. இதோடு தண்ணீரில் எரிபொருள் வேறு கலந்திருந்தது. இறந்தவர்களை எடுப்பதற்காக உயிரோடு இருப்பவர் ஒருவரை அந்த நிலையில் இறக்குவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். ஜூன் வரை காத்திருந்தது சரியான முடிவு என்றே கருதுகிறேன். காவல் போடாமல் போனது வேறு விஷயம்.

மறுமொழி (ஜெனீவா)

இங்கிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில், மோன் பிளாங்க் மலையின் அடிவாரத்தில், சாமோனி என்ற பிரெஞ்சு நகரம் இருக்கிறது. மோன் பிளாங்க் மலையில் ஏர் இந்தியா விமானங்கள் இரண்டு விழுந்ததை நீங்கள் அறிவீர்கள்: 1950-இல் மலபார் பிரின்சஸ், 1966 ஜனவரி 24 அன்று காஞ்சன்ஜங்கா. இரண்டாவதில் இருந்த 117 பேரும் இறந்தார்கள். அணு விஞ்ஞானி ஹோமி பாபாவும் அவர்களில் ஒருவர். அவை கடத்தல் விமானங்கள் அல்ல. ஆயினும் விமானம் விழுந்த மலைக்கு ஏறுநர்கள் போகும்போது என்ன நடக்கிறது என்பதற்கு அங்கேயும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 2013-இல் அந்த மலையின் போசோன் பனியாற்றில் ஓர் இளம் மலையேறி, மரகதமும் நீலக்கல்லும் மாணிக்கமும் நிறைந்த ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். யாரும் பார்க்கவில்லை. அவர் அதைக் கீழே கொண்டு வந்து காவல்துறையிடம் ஒப்படைத்தார். உரிமையாளரின் வாரிசுகளைக் கண்டுபிடிக்க முடியாததால், 2021-இல் கற்களில் பாதி அவருக்கும் பாதி சாமோனி நகராட்சிக்கும் அளிக்கப்பட்டது; அவர் பங்கின் மதிப்பு ஏறத்தாழ 1,50,000 யூரோ.

அந்தப் பனியாற்றின் அடிவாரத்தில் நானும் என் மனைவியும் நடந்தபோது, பாறைகளுக்கு நடுவே துருவேறிய கம்பிச் சுருள் ஒன்று கிடந்தது. எந்த விமானத்தினுடையது என்று தெரியாது. விமானத்தினுடையதுதானா என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் நின்றாள். எங்கள் ஊரில் இறந்தவர் கிடந்த இடத்தைக் கடக்கும்போது பெரியவர்கள் அப்படிச் செய்வார்கள்.

முதல் பகிர்வாளரின் பதில்

மாண்டரே நண்பரின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். முக்குளிப்பவர்களின் நிலையை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பாறையேறிகளையும் நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற விரும்பவில்லை. இருபது வயதில், பசியோடு, நானும் அந்த ஏரிக்கு நடந்திருக்கலாம்.

தனிச்செய்தியில் வழி கேட்ட இருவருக்கு: காட்டில் இரவு தங்க அனுமதிச்சீட்டு கட்டாயம், கரடி திறக்க முடியாத உணவுப்பெட்டியும் கட்டாயம். மோனோ மெடோவிலிருந்து இரண்டு இரவுகள் வைத்துக்கொண்டு போங்கள். ஏரிக்கரையில் கூடாரம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் ஏரியை விட்டுத் தள்ளி, பாதையை ஒட்டிய மேட்டில்தான் தங்கினோம். அன்று இரவு மிக உயரத்தில் பயணிகள் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன; ஒவ்வொன்றின் ஒலியும் முழுவதுமாகத் தேய்ந்து மறையும் வரை நண்பரும் நானும் பேசாமல் படுத்திருந்தோம்.