உத்தரவு போடாமல் நடந்த உதவிகள்: உள்ளாட்சி ஊழியர்களின் அனுபவங்கள்

சொத்து வரிப் பிரிவிலிருந்து:
வரி கட்டக் கடைசி வாரம் என்றால் வரிசை வாசலைத் தாண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் இருக்கும் அக்கா ஒருவர், தன் வேலை முடிந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். வரிசையில் நிற்பவர்களின் பழைய ரசீதை வாங்கிப் பார்ப்பார், வரி எண் தெரியாதவர்களுக்குத் தேடி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுப்பார். என்னிடம் வரும்போது பணம் வாங்கி ரசீது போடுவது மட்டும்தான் பாக்கி. யாரும் அவரிடம் கேட்டதில்லை.

புதிதாக வந்த மேலாளர் இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டு, தினமும் மாலை மூன்று மணிக்கு மேல் அக்கா வரிப் பிரிவில் உதவ வேண்டும் என்று உத்தரவே போட்டுவிட்டார். அவ்வளவுதான். மூன்றுக்கு வருவார், ஐந்துக்கு எழுந்துவிடுவார். துண்டுக் காகிதம் நின்றுபோனது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஊழியர் பயிற்சி தருபவர்:
இப்படிக் கேட்காமலே செய்யும் உதவிக்கு, நிர்வாகவியல் ஆய்வாளர் டென்னிஸ் ஆர்கன் 1988இல் வகுத்த இலக்கணத்தில் இது தெளிவாகவே இருக்கிறது: ஊழியர் தானாகச் செய்வது, முறையான வெகுமதி ஏற்பாடு நேரடியாகக் கணக்கில் எடுக்காதது. உத்தரவு வந்ததுமே அது வெறும் டியூட்டி. ஆட்களை எது இப்படிச் செய்யவைக்கிறது? மேலதிகாரி தங்களை நியாயமாக நடத்துகிறார் என்ற எண்ணத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்கிறது அதே துறை ஆய்வாளர் மூர்மனின் 1991 ஆய்வு. நானும் கண்டிருக்கிறேன். லீவு தர முடியாவிட்டால் உட்காரவைத்துக் காரணம் சொல்லும் பொறியாளர் ஒருவர் இருந்தார். குழாய் உடைந்த இரவுகளில் அவருடைய ஆட்கள்தான் கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். பாராட்டுச் சான்றிதழ் விழாவெல்லாம் இதற்கு ஈடாகாது.

துப்புரவு மேற்பார்வையாளர்:
எனக்கு இதில் பாதிதான் சம்மதம். வடிகால் அடைப்புப் புகார் எங்களுடையதா பொறியியல் பிரிவுடையதா என்று கோப்பு அலையும். அந்தப் பிரிவில் ஒருவரும் நானும், எழுத்தில் வரும் முன்பே போனில் பேசிக்கொள்வதாக வைத்துக்கொண்டோம். அது எந்த உத்தரவும் இல்லாமல் இன்றும் ஓடுகிறது. ஆனால் இரவு வேலையையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டபோது என்ன ஆனது? எப்போதும் அதே இரண்டு பேர். மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவர்கள். கடைசியில் முறை போட்டு, மறுநாள் ஈடுசெய் விடுப்பும் கொடுத்தோம். எப்போதாவது ஆர்வமாக வந்த ஓரிருவர் அதன்பின் முகம் சுளித்தார்கள், சுளிக்கட்டும். மறுக்கத் தெரியாத அந்த இருவரும் இப்போதுதான் ஒழுங்காகத் தூங்குகிறார்கள்.