லிஸ்பனில் ஃபாடோ கேட்கப் போனவர்கள், சாப்பாட்டுக் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஃபாடோ என்பது கிட்டாரோடு பாடும் போர்த்துகீசிய ஏக்கப் பாட்டு. போர்த்துகல் தலைநகர் லிஸ்பன் போய் வருகிறவர்கள் எல்லோரும் "ஃபாடோ கேட்டுக்கொண்டே சாப்பிட்டோம்" என்று படம் போடுகிறார்கள். நல்ல ஃபாடோ வீட்டில், அதாவது பாட்டோடு சாப்பாடும் போடுகிற கடையில், அப்படிச் சாப்பிடவே முடியாது. பாட்டு தொடங்கினால் முள்கரண்டி கீழே போக வேண்டும், நின்றால்தான் சாப்பாடு. இது தெரியாமல் போனால் ஆறிப்போன மீனும் பக்கத்து மேசைக்காரரின் முறைப்பும்தான் மிச்சம்.

நான் போனது லிஸ்பனின் பழைய பகுதியான அல்ஃபாமாவில், கார் நுழையாத ஒரு சந்தில். மேடை கிடையாது. சுவரோரம் இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். எட்டு மணிக்கே உட்கார வைத்துவிட்டார்கள், பாட்டு ஒன்பது தாண்டித்தான். கல்லாப் பக்கம் நின்று பில் போட்டுக்கொண்டிருந்த அம்மா, விளக்கு மங்கியதும் கறுப்புச் சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றபோதுதான் பாடப்போவது அவர் என்றே தெரிந்தது. அந்தச் சால்வை, மொரரியா பகுதியில் வாழ்ந்து 1846இல் இளம் வயதிலேயே இறந்துபோன மரியா செவேரா என்ற பாடகியின் நினைவாக என்கிறார்கள். கிட்டார்காரரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். எந்த மெட்டு, எந்தச் சுருதி என்பது அங்கேயே, அப்போதே முடிவாகிறது. அப்புறம் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து ஆரம்பித்தார். மைக் இல்லை. தட்டேந்தி வந்த சர்வர் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார்.

போர்த்துகீசிய கிட்டாரைப் பக்கத்தில் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம். பேரிக்காய் வடிவ உடல், இரட்டை இரட்டையாய் 12 கம்பி, தலைப்பகுதியில் விசிறி மாதிரி விரிந்த முடுக்கிகள். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகம் மாட்டிக்கொண்டு மீட்டுகிறார்கள். பாடகி மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் அது புகுந்து பதில் சொல்கிறது. பக்கத்தில் இருப்பவர் சாதாரண கிட்டாரில் தாளத்தைப் பிடித்துக்கொள்கிறார். மரபான ஃபாடோவில் மெட்டு பொது, வரிகள்தான் ஆளுக்கு ஆள் வேறு. நம் காவடிச்சிந்து மெட்டில் எத்தனை பேர் பாட்டுக் கட்டினார்கள், அதே கதைதான். மெட்டு ஒன்றே என்பதால் ஒவ்வொருவரும் அதை எங்கே இழுக்கிறார்கள், எங்கே வெட்டுகிறார்கள் என்று காது தானாகக் கவனிக்க ஆரம்பிக்கிறது. மொழி தெரியாத எனக்குக்கூட இரண்டாவது பாடகர் வந்ததும் வித்தியாசம் பிடிபட்டது.

மூன்று நான்கு பாட்டு முடிந்து விளக்கு எரிந்ததும் சமையலறையிலிருந்து எல்லாத் தட்டும் ஒரே நேரத்தில் ஓடி வரும். அதனால் ஆர்டர் செய்வதில் சூட்சுமம் இருக்கிறது. கால்து வெர்து என்ற கீரை சூப்பைப் பாட்டுக்கு முன்னாலேயே குடித்துவிடுங்கள். உப்புக் கருவாட்டுக் காட் மீனை உருளைக்கிழங்குச் சீவலோடும் முட்டையோடும் கிளறித் தருகிற பக்கல்யாவ் ஆ ப்ராஸ் சூடாக இருக்கும்வரைதான் ருசி, ஆறினால் முட்டை இறுகிவிடும். அதை இடைவேளை தொடங்கியதும் வரும்படி சொல்லுங்கள். சீஸ், ஆலிவ், ஒயின் எத்தனை பாட்டுக்கும் காத்திருக்கும்.

கேட்காமலேயே மேசைக்கு வரும் ரொட்டி, ஆலிவ் எல்லாம் இலவசம் இல்லை, 'கூவேர்த்' என்று பில்லில் ஏறும். நீங்கள் கேட்கவும் இல்லை, தொடவும் இல்லை என்றால் காசு வாங்கக் கூடாது என்று போர்த்துகல் சட்டமே இருக்கிறது.

---

நீங்கள் கேட்டதற்கு எங்கள் கதையையும் சொல்கிறேன். நாங்கள் பாரிஸிலிருந்து பிள்ளைகளோடு போனோம். முதல் நாள் லிஸ்பனின் பைரோ ஆல்டோ பகுதியில் வாசலில் நின்று கூப்பிட்ட ஒரு கடைக்குள் நுழைந்தோம், பெயர் வேண்டாம். உள்ளே ஸ்பீக்கர் வைத்துச் சரியான சத்தம். பாட்டு நடக்கும்போதே தட்டு எடுப்பதும் வைப்பதும், பில்லிலும் ஆளுக்கு இவ்வளவு என்று முன்பு சொல்லாத ஒரு தொகை. அதுதான் ஃபாடோ என்று நம்பி வந்திருந்தால் அத்தோடு விட்டிருப்போம்.

அடுத்த நாள் விடுதிக்காரி சொன்ன சிறிய தாஸ்காவுக்கு, அதாவது சாதாரணச் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். ஃபாடோ வாதியு என்பார்கள், தொழிலாகப் பாடாதவர்கள் முறை வைத்துப் பாடுவது. பக்கத்து மேசையில் மத்தி மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் வாயைத் துடைத்துவிட்டு எழும்பிப் போய்ப் பாடினார். அவருக்குப் பிறகு சமையல்காரி, ஏப்ரனோடேயே. குரல் வடிவானது என்று சொல்ல முடியாது, ஆனால் கடைசி வரிக்கு முழுக் கடையும் சேர்ந்து பாடியது. என்னுடைய சின்னவன் ஏதோ கேட்க வாயைத் திறந்ததும் நாலு திசையில் இருந்தும் "ஷ்ஷ்" என்றார்கள். கோபமில்லை, பாட்டு முடிந்ததும் அதே ஆட்கள்தான் அவனுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தார்கள். ஆனாலும் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வாசலுக்குக் கிட்டவாக மேசை கேளுங்கள்.

---

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கீரை சூப்பை நம்பிவிடாதீர்கள், மேலே ஷோரீசு என்ற பன்றித் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும். 'சேம் ஷோரீசு' என்றால் எடுத்துவிட்டுத் தருவார்கள், ஆனால் கொதிக்கும்போதே அது உள்ளே போட்டதா என்பதையும் கேட்க வேண்டும். நான் சீஸ், ரொட்டி, ஆம்லெட், சாலட் என்று ஓட்டினேன். மேசை பதிவு செய்யும்போதே சொன்னால் சில இடங்களில் காளான் சோறு செய்து தருகிறார்கள். பசியோடு போகாமல் இருப்பது உத்தமம். ஃபாடோ அருங்காட்சியகம் அல்ஃபாமாவிலேயே இருக்கிறது, 1998இல் திறந்தது. மாலையில் அதைப் பார்த்துவிட்டு வெளியே ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் பாட்டுக்குப் போங்கள்.

---

போர்த்துகலின் பல்கலைக்கழக ஊரான கொயிம்ப்ராவை யாரும் சொல்லவில்லையே! அங்கே ஃபாடோ பல்கலைக்கழகத்துச் சொத்து. மரபுப்படி பாடுவது ஆண்கள், கறுப்பு அங்கி போர்த்திக்கொண்டு. கிட்டாரின் சுருதியும் லிஸ்பனைவிடத் தாழ்வு. நான் போன இடத்தில் சாப்பாடு கிடையாது, ஒரு கிண்ணம் போர்ட் ஒயின் மட்டும். முதல் பாட்டு முடிந்ததும் நான் கை தட்டினேன், பக்கத்தில் இருந்த பெரியவர் தொண்டையைச் செருமினார். சளி பிடித்திருக்கிறது போல என்று நினைத்தேன். பார்த்தால் நாலைந்து பேர் சேர்ந்து செருமுகிறார்கள். அந்த ஊர் மரபில் பாராட்டே அதுதானாம்.

---

முதலில் எழுதியவன்தான். செலவு கேட்டவர்களுக்கு: அல்ஃபாமாவில் எனக்குத் தலைக்கு 50 யூரோவைத் தாண்டியது, ஒயின் சேர்த்து. பதிவு செய்யும்போது மூன்று கேள்வி போதும். மைக் உண்டா, எத்தனை மணிக்கு முதல் பாட்டு, 'கொன்சூமு மீனிமு' எவ்வளவு. கடைசியாகச் சொன்னது ஆளுக்குக் குறைந்தபட்சம் இவ்வளவுக்குச் சாப்பிட வேண்டும் என்கிற கணக்கு. பாரிஸ்காரருக்கு விழுந்த தொகையும் அதுவாகத்தான் இருக்கும். முதல் கேள்விக்கு 'உண்டு' என்று பதில் வந்தால் நான் வேறு இடம் தேடுவேன்.