புதுப்பிப்பு: நெட் இல்லாம ஓடுற மாடல் எதை மறைக்குது?

போன வாரம் இழையில, லேப்டாப்ல ஓட்டின ஏஐ மாடல் சில கேள்விக்கு வாயே திறக்கலைன்னு எழுதியிருந்தேன். அதுல பாதி தப்பு.

அதே 8 ஜிபி ராம் (மெமரி) லேப்டாப், மாடலை நம்ம கம்ப்யூட்டர்லயே ஓட்டுற ஒல்லாமாங்கிற மென்பொருள், சின்ன மெமரிக்குள்ள அடங்குற மாதிரி 4 பிட்டுக்குச் சுருக்கின, 7 பில்லியன் அளவுரு (மாடலுக்குள்ள இருக்கிற எண்கள்) உள்ள சீன மாடல். வைஃபையை அணைச்சுட்டு 1989 ஜூன் 4, பெய்ஜிங் தியானன்மென் சதுக்க மாணவர் போராட்டத்தை ராணுவம் ஒடுக்கினதைப் பத்திக் கேட்டேன். அப்பவும் "இதுல உதவ முடியாது". ஆக, பூட்டு சர்வர்ல மட்டும் இல்ல, மாடலுக்குள்ளயே இருக்கு. மக்களுக்கான ஏஐ சேவை சோசலிச விழுமியங்களை மீறக் கூடாதுன்னு 2023 ஆகஸ்ட் 15லேர்ந்து சீனாவுல விதி. பயிற்சியிலயே பழக்கி விட்டுடுதாங்க.

பாளையங்கோட்டை அண்ணாச்சி ஒருத்தர், "பதிலோட முதல் வரியை நீயே எழுதிக் குடுத்துப் பாருலே"ன்னார். "அன்னைக்கு பெய்ஜிங்ல ராணுவம்"னு இங்கிலீஷ்ல தொடங்கி விட்டேன். மாணவர்கள், டாங்கின்னு மிச்சத்தை அதுவே கொட்டிருச்சு. தெரிஞ்சுக்கிட்டே மறைச்சிருக்கு, கள்ளப்பய!

அடுத்து நம்ம ஊர் திருநெல்வேலி. 1999 ஜூலை 23, மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் ஊர்வலம், போலீஸ் தடியடி, தாமிரபரணியில 17 உயிர். தமிழ்ல கேட்டா, மாஞ்சோலைங்கிறது மாம்பழத் திருவிழாவாம்! முதல் வரி எடுத்துக் குடுத்தும் அதே உளறல். இது மறைப்பு இல்ல, அறியாமை. பழைய இழையில "மறைக்குது" பட்டியல்ல இருந்த மாஞ்சோலையை அடிச்சுட்டேன்.

அடுத்து இதைவிடப் பெரிய 14 பில்லியன் மாடல்ல கேட்டுப் பாக்கணும், அதுக்கு இந்த 8 ஜிபி ராம் பத்தாது. மேலப்பாளையம் மச்சான் 16 ஜிபி லேப்டாப் வச்சிருக்கான், ஞாயித்துக்கிழமை தாரேன்னிருக்கான்.