கல்மரமா, கோடு விழுந்த கல்லா?

கேள்வி:
வானூர் பக்கம் செம்மண் நிலத்தை உழும்போது கிடைத்த கல். நீளம் 22 செ.மீ., எடை 1.9 கிலோ. மேலே பழுப்பு, உடைந்த முனை சாம்பல் நிறம். பக்கவாட்டில் நார் நாராகக் கோடுகள். மரங்கள் கல்லாக மாறிக் கிடக்கும் திருவக்கரை அருகில் என்பதால் கல்மரம்தான் என்கிறார்கள். ஆனால் முனையில் மரவளையம் தெரியவில்லை, பட்டையும் இல்லை. வினிகர் விட்டால் நுரைக்கவில்லை. மரம் இல்லை என்று விட்டுவிடலாமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. வெப்பமண்டல மரங்கள் பலவற்றில் வளையம் மங்கலாகத்தான் இருக்கும், சிலதில் இருக்கவே இருக்காது. மரமே அல்லாத அகேட் கல்லிலோ அழகான வளையங்கள் உண்டு. பட்டை இல்லாததும் பொருட்டல்ல. திருவக்கரைப் பூங்காவில் கிடக்கும் அடிமரங்களிலேயே பட்டை, வேர், கிளை கிடையாது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை.

பக்கத்துக் கோடுகளை நம்ப வேண்டாம், வரிவரியான நைஸ் என்ற பாறையும் விறகுக்கட்டை மாதிரியே உடையும். முனையைப் பாருங்கள். பிரஷ்ஷால் கழுவி, ஈரம் காயுமுன் சாய்ந்த வெயிலில் 10 மடங்கு லென்ஸ் வையுங்கள். நடுவிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லிய கதிர்க்கோடுகள், இடையிடையே ஊசியால் குத்தியது போன்ற துளைகள் இருந்தால் பூக்கும் மரம். கதிரே இல்லாமல் புள்ளிகள் மட்டும் சிதறிக் கிடந்தால் பனை வகை. துளையில்லாமல் நுண்ணிய கட்டங்கள் வரிசை பிடித்திருந்தால் ஊசியிலை மரம், ஆனால் அதற்கு 10 மடங்கு பெரும்பாலும் போதாது.

பதில் 2:
வினிகர் சோதனை சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் இல்லை என்பதை மட்டுமே சொல்லும், அதுவும் தூளாகச் சுரண்டி விட்டால்தான். அடுத்து கத்திமுனை. கல்மரம் பெரும்பாலும் சிலிக்கா என்ற கனிமம்; அதன் கடினம் பத்துக்கு 7, சாதாரணக் கத்தியால் கீற முடியாது. கல்மேல் வெள்ளிநிறக் கோடு விழும். அது கத்தியின் இரும்பு. இதைக் கீறல் என்று நினைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். நகத்தை ஓட்டிப் பார்த்தால் பள்ளம் தட்டாது.

பிறகு நிரம்பிய வாளியில் முழுக்கி, வழியும் நீரை அளந்து, கிராமில் உள்ள எடையை அதால் வகுங்கள். 730 மி.லி. அளவில் வந்தால் அடர்த்தி 2.6, சிலிக்காவுக்குப் பொருந்தும். 630 என்றால் 3.0, ஆம்பிபோலைட் என்ற கனமான கரும்பாறையாக இருக்கலாம்.

பதில் 3:
அடர்த்தியை வைத்து நைஸை ஒதுக்க முடியாதே, அதுவும் ஏறக்குறைய 2.7தான். முனையைத் தேய்த்துப் பார்ப்பதே மேல். பெயிண்ட் கடை வாட்டர் பேப்பர் போதும்: 120, 220, 400, 600, தண்ணீர் விட்டுக்கொண்டே. தாள் மாற்றும்போதெல்லாம் கல்லைக் கழுவுங்கள்; ஒட்டிய பழைய துகள் போடும் கீறல் கதிர்க்கோடு மாதிரியே தெரியும்.

கேள்வி கேட்டவர்:
730க்கு அருகில்தான் வந்தது. 400 தாள் தேய்த்ததும் கதிர்க்கோடுகளும் நடுவே துளைகளும் தெரிகின்றன. சிவப்பு ஓடுவதால் செம்மரம் எனலாமா?

பதில் 1:
கல்மரம்தான். நிறம் மரத்தினுடையது அல்ல: சிவப்பும் மஞ்சளும் இரும்பு, கறுப்பு பெரும்பாலும் மாங்கனீசு. மரத்தின் பெயர் வேண்டுமென்றால் குறுக்காக ஒன்று, நெடுக்காகக் கதிரை ஒட்டி ஒன்று, கதிருக்குச் செங்குத்தாக ஒன்று என மூன்று சீவல்கள், ஒவ்வொன்றும் 0.03 மி.மீ. கனத்துக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். சிலிக்கா பெரிய படிகமாக மாறிய இடத்தில் செல் அழிந்திருக்கும், ஆகவே துளைகள் தெளிவாக உள்ள ஓரத்திலிருந்தே வெட்டச் சொல்லுங்கள்.