லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ் பங்குகளை இன்னும் சேர்க்கலாமா?

கேள்வி – கோவை முதலீட்டாளர்

நண்பர்களுக்கு வணக்கம். 2021 நவம்பரில் சென்னையைச் சேர்ந்த தரவுப் பகுப்பாய்வு நிறுவனமான லேட்டன்ட்வியூ அனலிட்டிக்ஸ் ஐ.பி.ஓ. (முதல் பொதுப் பங்கு வெளியீடு) கொண்டுவந்தபோது, 197 ரூபாய் வீதம் ஒரு லாட், அதாவது 76 பங்குகள், எனக்கு ஒதுக்கீடாயின. வெளியீட்டுக்கு 326 மடங்கு விண்ணப்பங்கள் குவிந்திருந்ததால் அந்த ஒரு லாட் கிடைத்ததே பெரிது. அதே மாதம் 18ஆம் தேதி பட்டியலான பேடிஎம் முதல் நாளிலேயே 27 சதவீதம் சரிந்திருந்த நிலையில், 23ஆம் தேதி இந்தப் பங்கு மும்பை பங்குச் சந்தையில் 530 ரூபாயில் வர்த்தகத்தைத் தொடங்கியது; சில நாட்களில் 700 ரூபாயையும் தாண்டியது. மறு ஆண்டே அந்த உச்சத்தில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நான் எந்தக் கட்டத்திலும் விற்கவில்லை.

என் ஐயம் இதுதான். 2021-22 நிதியாண்டில் சுமார் 408 கோடி ரூபாயாக இருந்த செயல்பாட்டு வருவாய், 2024-25இல் சுமார் 848 கோடியாகியிருக்கிறது. மூன்றே ஆண்டுகளில் இரு மடங்குக்கும் மேல். அப்படியிருந்தும், பட்டியலான நாளில் சந்தையில் வாங்கியவர்களுக்கு இத்தனை ஆண்டுகளில் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடைக்கவில்லை. சந்தை இந்த நிறுவனத்தைக் குறைத்து மதிப்பிடுகிறதா, அல்லது என் கண்ணில் படாத ஏதோ ஒன்று அதன் கண்ணில் படுகிறதா? ஐந்து ஆண்டுகள் கைவைக்கத் தேவையில்லாத இரண்டு லட்சம் ரூபாய் என்னிடம் இருக்கிறது. அதை இதில் போடலாமா என்று யோசிக்கிறேன். நிறுவனத்தைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி – தரமணிவாசி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: இந்தப் பங்கு என்னிடமும் இருக்கிறது, விற்கும் எண்ணம் இல்லை. தரவுப் பகுப்பாய்வுத் துறையில்தான் வேலை பார்க்கிறேன்; ஆனால் இந்த நிறுவனத்தில் அல்ல.

2006இல் ஏ.வி. வெங்கட்ராமன், பிரமத்வதி ஜந்தியாலா தம்பதியர் தொடங்கிய நிறுவனம் இது. புரொமோட்டர்களின், அதாவது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் நிறுவனர் தரப்பின், பங்கு இன்றும் ஏறத்தாழ 65 சதவீதம். குறிப்பிடும்படியான கடன் இல்லை. கையில் பல நூறு கோடி ரூபாய் ரொக்கமும் முதலீடுகளும் உள்ளன. அடோபி, ஊபர் போன்ற நிறுவனங்கள் இவர்களுடைய வாடிக்கையாளர்கள் என்பது ஐ.பி.ஓ. ஆவணத்திலேயே இருக்கிறது. அத்தகைய நிறுவனங்களுக்குச் சொந்தமாகவே ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் உண்டு. அவர்களை வைத்துக்கொண்டும் வெளியில் ஒருவரிடம் வேலையைக் கொடுக்கிறார்கள் என்றால், அந்த வேலையில் ஏதோ தரம் இருக்கத்தான் வேண்டும்.

இவர்கள் என்ன செய்கிறார்கள் என்பது பலருக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. 2024இல் வாங்கிய டிசிஷன் பாயின்ட் என்ற குருகிராம் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்பானமோ சோப்போ விற்கும் ஒரு பெரிய நிறுவனம், எந்த அளவுப் பாட்டிலை எந்த வகைக் கடையில் வைப்பது, விலையை எவ்வளவு ஏற்றினால் வாடிக்கையாளர் போட்டி நிறுவனத்தின் பொருளுக்குப் போய்விடுவார், தள்ளுபடிக்குச் செலவழித்த பணத்தில் எவ்வளவு உண்மையான கூடுதல் விற்பனையாகத் திரும்பியது என்பதையெல்லாம் கடைவாரியாகக் கணக்கிட்டுப் பார்க்க விரும்பும். டிசிஷன் பாயின்ட் செய்வது அந்தக் கணக்கைத்தான். அதன் வாடிக்கையாளர்கள் லத்தீன் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். மென்பொருள் நிறுவனங்களையே நம்பியிருந்த லேட்டன்ட்வியூவுக்கு நுகர்பொருள் துறையில் ஒரு வாசல் இதனால் திறந்திருக்கிறது.

செயற்கை நுண்ணறிவு வந்தால் இந்த வேலை போய்விடும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஒரு நிறுவனத்தின் விற்பனைத் தரவு ஒரு மென்பொருளிலும், சரக்குத் தரவு இன்னொன்றிலும், வாடிக்கையாளர் விவரம் மூன்றாவதிலும் சிதறிக் கிடக்கும்போது, அதன்மேல் எந்த மாடலைக் கொண்டுவந்து வைத்தாலும் தவறான விடைதான் வரும். அந்தத் தரவை ஒழுங்குபடுத்தும் வேலை இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓயாது என்பதை என் அன்றாட அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

மறுமொழி – மதுரை தணிக்கையாளர்

தரமணிவாசி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நிறுவனம் நல்ல நிறுவனம்தான். ஆனால் கேள்வி கேட்டவர் வருவாயை மட்டும் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே உள்ள வரிகளுக்கு இறங்கவில்லை.

2021-22இல் நிகர லாபம் சுமார் 130 கோடி ரூபாய். 2022-23இல் அது சுமார் 155 கோடி, 2023-24இல் சுமார் 159 கோடி, 2024-25இல் சுமார் 174 கோடி. மூன்று ஆண்டுகளில் வருவாய் இரட்டித்திருக்க, லாபம் கூடியது மூன்றில் ஒரு பங்கு அளவே. ஆண்டுக்கு ஏறத்தாழ பத்து சதவீத வளர்ச்சி. சந்தை தவறவிட்டதாக நீங்கள் நினைக்கும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. அது லாபத்தைப் பார்த்துத்தான் விலை சொல்லியிருக்கிறது.

அந்த லாபத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஐ.பி.ஓ.வில் புதிய பங்குகள் மூலம் திரட்டிய 474 கோடியும், ஆண்டுதோறும் சேர்ந்த லாபமும் வட்டியாகவும் முதலீட்டு வருமானமாகவும் 'இதர வருமானம்' என்ற தலைப்பில் கணக்கில் வருகின்றன. 2023-24இல் இது மட்டுமே 70 கோடியைத் தாண்டியது. அதே காலத்தில் செயல்பாட்டு லாப வரம்பு, அதாவது நூறு ரூபாய் வருவாயில் செயல்பாட்டு லாபமாக மிஞ்சும் பங்கு, ஐ.பி.ஓ. சமயத்தில் இருந்த ஏறத்தாழ 30 சதவீதத்திலிருந்து 20 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. விற்பனைக் குழுவை விரிவாக்கியதும், சம்பளச் செலவு கூடியதும், வாடிக்கையாளருக்கு அருகிலேயே அமெரிக்காவில் ஆட்களை அமர்த்தியதும் இதற்குக் காரணங்கள். இவை வளர்ச்சிக்கான செலவுகள் என்று நிர்வாகம் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் செலவு முன்னே போய்விட்டது, அதற்குரிய லாபம் இன்னும் பின்னால் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். வருவாயில் மிகப் பெரும்பகுதி டாலரில் வருகிறது. 2021-22இல் டாலருக்கு 74, 75 ரூபாய் என்றிருந்த மாற்று விகிதம் 2024-25இல் 84, 85 என்றாகிவிட்டது. ரூபாய்க் கணக்கில் தெரியும் வளர்ச்சியில் ஒரு பகுதி இப்படித் தானாக வந்தது. அடுத்து, டிசிஷன் பாயின்டில் 70 சதவீதப் பங்கைத்தான் 3.91 கோடி டாலர் கொடுத்து முதலில் வாங்கினார்கள். ஆனால் துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கில் அதன் வருவாய் முழுவதும், 100 சதவீதமும், சேர்ந்துவிடும். மீதி 30 சதவீதத்துக்கு உரிய லாபம் கீழே சிறுபான்மைப் பங்குதாரர்களின் பேரில் கழிந்துபோகும். ஆகவே 2024-25இல் தெரியும் 32 சதவீத வருவாய் வளர்ச்சியை, நிறுவனம் தன் சொந்தக் காலில் வளர்ந்த வளர்ச்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கோவை முதலீட்டாளர்

மிக்க நன்றி ஐயா. இதர வருமானத்தைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்படியானால், எந்த விலையில் வாங்கினால் ஐந்தாண்டுக் கணக்கில் நியாயமாக இருக்கும் என்று பார்க்க ஒரு வழி சொல்ல முடியுமா?

மறுமொழி – நெல்லைக்காரர்

விலையைப் பற்றி நான் சொல்கிறேன். பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவு பெற்ற ஆலோசகர் அல்ல நான். என் சொந்த முதலீட்டுக்குப் போடும் கணக்கையே இங்கே எழுதுகிறேன்.

நிறுவனத்தின் மொத்தப் பங்குகள் இருபது கோடியைச் சற்றுத் தாண்டும். 174 கோடி லாபத்தை அதனால் வகுத்தால் ஒரு பங்குக்கான ஈட்டம் சுமார் 8.40 ரூபாய். கணக்குக்காக விலையை 420 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பி.இ. விகிதம், அதாவது விலை அந்த ஈட்டத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது, 50. ஐந்தாண்டுகளில் லாபம் ஆண்டுக்கு 15 சதவீதம் வளர்ந்தால், ஈட்டம் சுமார் 16.90 ரூபாயாகும். அப்போது சந்தை 30 பி.இ. மட்டுமே தர முன்வந்தால், விலை ஏறத்தாழ 507. அதாவது ஆண்டுக்கு நான்கு சதவீதம்கூடத் தேறாது, வங்கி எஃப்.டி. அதைவிட மேல். லாபம் 20 சதவீதம் வளர்ந்து, பி.இ. அதே 30 என்றால், விலை சுமார் 627, ஆண்டு வருமானம் எட்டு சதவீதத்தை ஒட்டியிருக்கும். லாபம் 25 சதவீதம் வளர்ந்து, சந்தையும் 35 பி.இ. கொடுத்தால்தான் விலை 900 ரூபாயை நெருங்கி, ஆண்டுக்குப் பதினாறு சதவீதம் கிடைக்கும்.

கடந்த மூன்று ஆண்டுகளில் லாபம் வளர்ந்த வேகம் பத்து சதவீதம். அதை இரண்டரை மடங்காக்கினால்தான் அந்த 420 ரூபாய் விலைக்கு நல்ல பலன் என்று கணக்கு சொல்கிறது. அது நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நடந்தே தீரும் என்று முன்பணம் கட்டுவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஒரு ஆபத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐ.பி.ஓ. காலத்தில் வருவாயில் 90 சதவீதத்துக்கும் மேல் அமெரிக்காவிலிருந்து வந்தது. முதல் ஐந்து வாடிக்கையாளர்களிடமிருந்தே பாதிக்கும் மேல். டிசிஷன் பாயின்ட் வந்த பிறகு இது ஓரளவு பரவியிருக்கும் என்றாலும், அமெரிக்கத் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று செலவைக் குறைத்தால், இங்கே ஒரு காலாண்டு முடிவே ஆட்டம் காணும். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அரசு அறிவித்ததையும் கவனத்தில் கொள்ளுங்கள். இங்கிருந்து ஆட்களை அனுப்புவது இனி மலிவாக இருக்காது.

தரமணிவாசி

நெல்லைக்காரரின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் லாப வரம்பு இதே இடத்தில் நிற்கும் என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. வருவாய் ஆண்டுக்கு 18 சதவீதம் வளர்ந்து, வரம்பு மறுபடி 25, 26 சதவீதத்துக்கு ஏறினால், லாபம் வருவாயைவிட வேகமாக வளரும். விற்பனைக் குழுவுக்குச் செலவழித்த பணம் முதல் இரண்டு ஆண்டுகளில் செலவாகவே தெரியும். ஒரு வாடிக்கையாளரின் ஒரு பிரிவில் நுழைந்து, பிறகு அவருடைய மற்ற பிரிவுகளுக்கும் விரிவது மெதுவாகவே நடக்கும் காரியம். சிறு நிறுவனத்தில் முதலீடு செய்துவிட்டு, பெரிய நிறுவனத்திடம் எதிர்பார்க்கும் சீரான லாபத்தை ஒவ்வொரு காலாண்டிலும் எதிர்பார்ப்பது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

மதுரை தணிக்கையாளர்

வரம்பு ஏறக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஏறுகிறதா என்பதைக் காலாண்டு முடிவுகளிலேயே பார்த்துவிடலாம் என்பதால், அதற்காக முன்கூட்டியே அதிக விலை கொடுக்க வேண்டிய அவசியமில்லை. கோவை நண்பர் மூன்று வரிகளை மட்டும் தொடர்ந்து எடுத்து எழுதி வைத்துக்கொள்ளட்டும்: இதர வருமானத்தை நீக்கிய செயல்பாட்டு லாபம், டாலரில் வருவாய் வளர்ச்சி, முதல் ஐந்து வாடிக்கையாளர்களின் பங்கு. மூன்றாவது எல்லாக் காலாண்டிலும் தெளிவாக வராது. ஆண்டறிக்கையிலும் முதலீட்டாளர்களுக்கான விளக்கக் கோப்பிலும் தேட வேண்டியிருக்கும்.

வரியையும் மறக்க வேண்டாம். 2024 ஜூலை 23 முதல், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குகளை விற்றுக் கிடைக்கும் லாபத்தில், நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை; அதற்கு மேல் 12.5 சதவீதம். உங்களுடைய 76 பங்குகளின் லாபம் அந்த வரம்புக்கு வெகு கீழே இருப்பதால், வேறு பங்குகளில் பெரிய லாபம் எடுக்காத ஆண்டில் விற்றால் வரியே வராது. ஆகவே வைத்திருப்பதா விற்பதா என்ற முடிவை வரிக்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

கோவை முதலீட்டாளர்

அனைவருக்கும் நன்றி. 76 பங்குகளை அப்படியே வைத்துக்கொள்கிறேன்; 197 ரூபாய் விலையில் வந்தவை என்பதால் காத்திருப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. இரண்டு லட்சத்தை இப்போதைக்கு இதில் போடப்போவதில்லை. செயல்பாட்டு லாப வரம்பு தொடர்ந்து நான்கு காலாண்டுகள் ஏறினாலோ, வரம்பு அப்படியே இருந்து விலை பி.இ. 35க்குக் கீழே வந்தாலோ, பாதித் தொகையை மட்டும் போடலாம் என்று நினைக்கிறேன். டிசிஷன் பாயின்டின் மீதி 30 சதவீதத்தை எந்த விலைக்கு வாங்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. அதுபற்றி மதுரை ஐயா நேரம் கிடைக்கும்போது எழுதினால் எனக்குப் பயன்படும்.