பறக்கும் தட்டானைப் படம் எடுப்பது எப்படி? ரெட்டேரியில் மூன்று ஞாயிறு போச்சு

கொடுங்கையூர்க்காரன்:
வணக்கம். மூன்று வாரமாக ரெட்டேரிக் கரையில் தவம் கிடக்கிறேன். உட்கார்ந்திருக்கும் தட்டானை எடுத்து அலுத்துவிட்டது, பறக்கும்போது எடுக்க ஆசை. செகண்ட் ஹேண்டில் வாங்கிய கேனான் 200டி, 55-250 லென்ஸ். போன ஞாயிறு மட்டும் 412 படம். 409-ல் வெறும் ஆகாயத்தாமரை. இரண்டில் வால் மட்டும். மிச்சம் ஒன்றில் தட்டான் இருக்கிறது, ஆனால் பேனாவை உதறின மாதிரி ஒரு கோடு. ஆட்டோ ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிவிட்டு, கடைசியில் தூரத்து மொட்டைமாடியில் காயும் லுங்கியைப் பிடித்துக்கொள்கிறது. ஷட்டர் வேகம் 1/800 நொடி. லென்ஸை மாற்றவா, ஆளை மாற்றவா? சின்ன வயதில் வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட பாவம் என்கிறாள் வீட்டில்.

மாதவரம் தும்பி:
லென்ஸ் போதும் தலைவரே. தட்டான் நொடிக்குச் சுமார் 30 தடவை சிறகடிக்கும், 1/800 எந்த மூலைக்கு? 1/2000-க்குக் கீழே இறங்காதீர்கள். லென்ஸ் திறப்பு எஃப் 8, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம். ஐஎஸ்ஓ, அதாவது ஒளி உணர்திறன், 1600 போனாலும் போகட்டும். புள்ளி விழுந்த படத்தைத் தேற்றிவிடலாம், கலங்கின படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

எண்ணூர் நைட் ஷிப்ட்:
தம்பி, முதலில் துரத்துவதை விடுங்கள். ஆண் தட்டான் தண்ணீரோரம் ஒரு துண்டு இடத்தைத் தனக்கென்று வளைத்துப்போட்டு ரோந்து சுற்றும். இன்னொரு ஆண் வந்தால் விரட்டும், திரும்ப அதே குச்சியில் வந்து உட்காரும். கால் மணி நேரம் கேமராவைத் தொடாமல் அதன் வழியை மட்டும் பாருங்கள். குச்சிக்கு ஒரு சாண் முன்னால் வேகம் குறையும், அங்கேதான் உங்கள் படம். மேனுவல் ஃபோகஸில் குச்சி நுனியைக் கூர்மையாக்கிவிட்டு, லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல், உடம்பை மட்டும் லேசாக முன்பின் அசையுங்கள்.

ஆரஞ்சுச் சிறகுக்காரனில் ஆரம்பிக்கலாம். சாக்கடை கலந்த தண்ணீரிலும் பிழைப்பான், நம் பக்கம் அதற்கா பஞ்சம்! மழைக்கு முன் கிரவுண்டில் கூட்டமாகச் சுற்றுமே மஞ்சள் தட்டான், அது இப்போதைக்கு வேண்டாம். இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகிற ஜாதி, நமக்காகவா நிற்கும்?

பெரம்பூர் அக்கா:
விடியற்காலையில் போய் நிற்காதீர்கள். வெயில் ஏறி உடம்பு சூடானால்தான் பறக்கும், ஒன்பதுக்கு மேல் போனால் சரி. உச்சி வெயிலில் சூடு தாங்காமல் வாலை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும், அது வேறு படம். அப்புறம், கரையோரம் சேறு. என் செருப்பு ஒன்று இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கொடுங்கையூர்க்காரன்:
அண்ணா, அக்கா, இன்று 90 படம்தான் எடுத்தேன், ஆறு தேறியது! ஆரஞ்சுக்காரனேதான். காய்ந்த கோரைத் தண்டு ஒன்றைப் பார்த்துக்கொண்டு முக்கால் மணி நேரம் குத்துக்கால் போட்டதில் முட்டி போச்சு. ஒரு படத்தில் முன் சிறகு மேலே, பின் சிறகு கீழே. நான்கும் தனித்தனியாக அசைகிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். கால்களை நெஞ்சோடு மடித்து வைத்திருக்கிறது. வலது சிறகு நுனி ஃப்ரேமுக்கு வெளியே போய்விட்டது, அது ஒன்றுதான் குறை. லுங்கி எதிலும் இல்லை.