புதுப்பிப்பு: ஸ்கெட்ச்அப்பில் (முப்பரிமாண வரைவு மென்பொருள்) வார்ட்ரோப்பின் நடுப்பகுதியை அகலப்படுத்தினால் பலகையும் தடிக்கும் பிரச்சினை

முன்பு கேட்டது: 2400 மி.மீ. அகல வார்ட்ரோப், 18 மி.மீ. பிளைவுட் பலகை, மூன்று சம பகுதிகள். நடுப்பகுதியை மட்டும் 900 ஆக்க வேண்டும். வழி கிடைத்துவிட்டது.

ஸ்கேல் கருவியை (முழுப்பொருளையும் இழுத்துப் பெரிதாக்குவது) தொடவே வேண்டாம். மொத்தமாகப் பிடித்து 1.16 மடங்கு இழுத்தால் 18 மி.மீ. பலகையும் 20.9 ஆகிவிடுகிறது. கட்டிங் லிஸ்ட் (பலகை வெட்டும் அளவுப் பட்டியல்) அதோடு காலி.

முதலில் கணக்கு. நிற்கும் பலகை நான்கு, 72 போக மீதி 2328. ஆக ஒரு பகுதி 776. நடுவில் 900 என்றால் ஓரங்கள் தலா 714. உள் பலகைகள் இரண்டையும் மூவ் கருவியால் வெளிப்பக்கமாக 62 நகர்த்துங்கள்.

அடுத்து தட்டுகள். எல்லாம் ஒரே காம்போனென்ட்டின் நகல்கள் என்பதால் ஒன்றைத் தொட்டால் எல்லாமே மாறும். நடுத்தட்டுகளை மட்டும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து மேக் யூனிக் (மற்ற நகல்களிலிருந்து பிரிக்கும் கட்டளை) கொடுங்கள். பிறகு ஒன்றைத் திறந்து, இரு முனைகளையும் புஷ்/புல்லில் (ஒரு முகத்தை மட்டும் இழுக்கும், தள்ளும் கருவி) 62 வெளியே இழுத்தால் போதும். ஓரத்தட்டு ஒன்றைத் திறந்து வலது முனையை 62 உள்ளே தள்ளுங்கள். இடப்பகுதி சரியாகிவிடும், வலப்பகுதித் தட்டுகளோ இன்னும் நடுப்பகுதிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும், அவற்றை 62 வலப்பக்கம் நகர்த்த வேண்டும். பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

டிராயர் ஓரத்தில் இருந்தால் பெட்டியின் வெளி அகலம் 688. டெலஸ்கோபிக் சேனலுக்கு (டிராயர் சறுக்கும் தண்டவாளம்) பக்கத்துக்கு 13 விட வேண்டுமே.

900 தட்டு, அதே அடர்த்தியில் துணி அடுக்கினால், 776-ஐவிட சுமார் 1.8 மடங்கு தொய்யும். முன்விளிம்பின் அடியில் 40 மி.மீ. பட்டி ஒன்றை நிறுத்திவைத்து ஒட்டுங்கள்; மாடலிலும் மறக்காமல் வரைந்துவிடுங்கள்.